குளம்பைத் தூக்கிப் பாருங்கள்: குதிரை வளர்ப்போர் கேள்வி பதில்

போன இதழில் குதிரைத் தீவனம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் தீவனத்தைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர், மற்ற எல்லாரும் குளம்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கங்களைக் குளம்புக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறேன். மழை ஆரம்பித்ததிலிருந்து ஒன்றின் பின்னங்கால் குளம்புகளில் தாங்க முடியாத நாற்றம். சுரண்டினால் கறுப்பாகச் சீழ் மாதிரி வருகிறது. நொண்டவில்லை. லாடத்தைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
(குதிரைக்காரர், ஊட்டி)

பதில்: லாடத்தைக் கழற்றுவதால் மட்டும் இது போகாது. குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், நடுவில் முக்கோணமாக, அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்குகிற ஒரு பகுதி இருக்கும். கால்நடை மருத்துவர்கள் அதை ஃப்ராக் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பள்ளங்கள், பின்பக்கம் நடுவில் ஒரு சின்னப் பிளவு. லத்தியும் மூத்திரமும் கலந்த சேறு இந்தப் பள்ளங்களில் போய் அடைந்துகொண்டால் உள்ளே காற்றே படாது, காற்றில்லாத இடத்தில் பெருகுகிற பாக்டீரியாக்கள் ஃப்ராக்கை அரிக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் சொல்லும் நாற்றமும் கறுப்பும் அதுதான். த்ரஷ் என்று பெயர். இன்னும் நொண்டவில்லை என்பதால் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது, சரிசெய்துவிடலாம்.

தினமும் காலையும் மாலையும் குளம்புக் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். கொக்கியைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கமாக இழுத்தால் கை தவறி ஃப்ராக்கில் குத்திவிடும். அப்புறம் நார் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டிருந்தால் பழந்துணியால் நன்றாக ஒற்றி, ஈரமே இல்லாமல் ஆன பிறகு போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைப் பள்ளத்திலும் பிளவிலும் மெதுவாகச் செருகிவிடுங்கள். மறுநாள் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதியது. மயில்துத்தம் போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது வேலை செய்யும், ஆனால் உயிருள்ள சதையைச் சுட்டுவிடும், ரத்தம் கசியும் இடத்தில் அதைப் போடவே கூடாது. அழுகித் தொங்கும் துண்டுகளை நீங்களே கத்தியால் வெட்டாதீர்கள், மருத்துவரோ கைதேர்ந்த லாடக்காரரோ செய்யட்டும். நடுப்பிளவில் விரல் நுழையும் அளவுக்கு ஆழம் இருந்தாலோ, தொட்டால் குதிரை காலைப் பிடுங்கினாலோ, அழுகல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி குதிரை நிற்கும் தரையில் இருக்கிறது. லாயத்தில் மூத்திரம் வடிந்து ஓடுகிற மாதிரி சரிவு இருக்கிறதா? இல்லையென்றால் எந்த மருந்து போட்டாலும் இரண்டே வாரத்தில் திரும்பி வரும். கொஞ்சம் செங்கல் அடுக்கி மேடாக்கி, மேலே மரச்சீவலோ காய்ந்த வைக்கோலோ பரப்பி, நனைந்ததைத் தினமும் அள்ளிப் போடுங்கள். மலையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்யும்போது முழு நாளும் காய்ந்த தரை கொடுக்க முடியாதுதான், ராத்திரியாவது குதிரை ஈரமில்லாத இடத்தில் நிற்கட்டும்.

கேள்வி: லாடம் அடிக்கும்போது குதிரைக்கு வலிக்காதா?
(ஏழாம் வகுப்பு மாணவி, மதுரை)

பதில்: சரியாக அடித்தால் வலிக்காது கண்ணு. உன் விரல் நகத்தை வெட்டும்போது வலிக்கிறதா? குளம்பின் வெளிச்சுவரும் நம் நகத்தைப் போலத்தான், அதில் நரம்பு கிடையாது, ரத்தம் ஓடாது. அந்தச் சுவருக்குள் ஆணி சாய்வாக ஏறி வெளிப்பக்கமாக எட்டிப் பார்க்கும், அந்த நுனியை மடக்கி விடுவார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்துவிட்டால் மட்டும் நகக்கண்ணில் ஊசி ஏறின மாதிரி வலிக்கும். அதனால்தான் நல்ல லாடக்காரர் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடிப்பார், ஆணி கெட்டியான இடத்தில் போகிறதா மெத்தென்ற இடத்தில் போகிறதா என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். குதிரையின் முன்னங்காலில் முழங்கால் மாதிரி தெரிகிறதே, அது உண்மையில் நம் மணிக்கட்டு இருக்கும் இடம். அதற்குக் கீழே ஒரே ஒரு விரல்தான், நம் நடுவிரல். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு குதிரை நான்கு நடுவிரல் நுனியில் நின்று ஓடுகிறது!

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் குதிரைக்குத் திருவிழா அன்று பக்தர்கள் எல்லாரும் பொங்கலும் பச்சரிசியும் வெல்லமும் ஊட்டினார்கள். இரண்டு நாள் கழித்துக் குதிரை முன்னங்கால்களை நீட்டிவைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தபடியே நின்றது, நகர மறுத்தது. கால் வலி, நடக்க வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்ல நடக்க வைத்தோம். இப்போது ஒரு மாதம் ஆகிறது, இன்னும் முள்மேல் நடப்பது போலத்தான் நடக்கிறது. என்ன ஆயிற்று?
(கோயில் பணியாளர், தஞ்சாவூர் பக்கம்)

பதில்: படித்ததும் மனசு கனத்துப் போனது. நீங்கள் விவரித்திருக்கும் அந்த நிற்கும் தோற்றம் ஒன்றே போதும், இது லாமினைட்டிஸ், குளம்புக்குள் வரும் வீக்கம். குதிரை நோய்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று.

குளம்புச் சுவரின் உட்பக்கத்தில் ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் எலும்பின் மேலும் அதே மாதிரி மடிப்புகள். இரண்டு புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்தால் பிரித்தெடுக்கவே முடியாமல் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அப்படித்தான் எலும்பு குளம்புச் சுவரோடு தொங்குகிறது. குதிரையின் முழு எடையும் அந்தப் பிடியில்தான் நிற்கிறது. ஒரே நேரத்தில் நிறைய அரிசியோ பொங்கலோ உள்ளே போனால் சிறுகுடலில் செரிக்க முடிந்தது போக மிச்ச மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், அங்கே அமிலம் கூடி, புல்லைச் செரிக்க உதவும் நல்ல பாக்டீரியாக்கள் செத்து, நஞ்சு ரத்தத்தில் கலக்கும். அதன் பாதிப்பு வந்து இறங்கும் இடம் இந்த மடிப்புகள். பிடி தளர்ந்தால் எலும்பு சுவரிலிருந்து பிரிந்து கீழ்நோக்கித் திரும்பும், முற்றினால் உள்ளங்குளம்பையே துளைத்துக்கொண்டு வந்துவிடும். தின்றது வயிற்றில், வலி காலில், நடுவில் ஒன்றிரண்டு நாள் இடைவெளி, அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

நடக்க வைத்தது தவறுதான், ஆனால் உங்களை நொந்துகொள்ள வேண்டாம், அனுபவஸ்தர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது செய்ய வேண்டியது எக்ஸ்ரே. எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் குளம்பை எப்படிச் செதுக்குவது, பின்பக்கம் எப்படித் தாங்கல் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே பேசுங்கள். அதுவரை ஆற்று மணலைக் கனமாகப் பரப்பி அதில் நிற்க விடுங்கள், படுத்தால் எழுப்பாதீர்கள், தானியத்தை அடியோடு நிறுத்திவிட்டுக் காய்ந்த புல் மட்டும் கொடுங்கள். குணமாக மாதக்கணக்கில் ஆகும், சில குதிரைகள் பழையபடி ஆவதில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்களுக்கு: குதிரை அரிசி மூட்டையை மேய்ந்துவிட்டது என்று தெரிந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள், நொண்டும்வரை காத்திருக்காதீர்கள். அவர் வருவதற்குள் நான்கு கால்களையும், முடிந்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரைக்கும், ஐஸ் தண்ணீரில் வைத்திருங்கள். ஐஸ் உருக உருகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு நாள் கூட. ஆரம்பத்திலேயே செய்தால் பிடி தளராமல் காப்பாற்ற அதைப் போல ஒன்றில்லை.

பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டில் வந்துபோன மார்க்கோ போலோ, இங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அரபுக் குதிரைகள் நிலைக்காமல் செத்துப்போனதையும், அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டதையும், குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவிடாமல் தடுத்ததையும் குறித்து வைத்திருக்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும். இன்றைக்கு நம்மைத் தடுப்பவர் யாரும் இல்லை. கோயிலில் ஒரு பலகை வையுங்கள்: குதிரைக்கு அறுகம்புல் மட்டும் கொடுக்கவும். பக்தர்கள் கேட்பார்கள், அவர்கள் அன்பால்தான் ஊட்டுகிறார்கள்.

கேள்வி: ஐயா, முப்பது வருஷமாகக் குதிரை வண்டி ஓட்டுகிறேன். லாடம் தேய்ந்த பிறகுதான் மாற்றுவது வழக்கம், மூன்று மாதம் கூடப் போகும். மகன் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறான். தேயாத லாடத்தை எதற்குக் கழற்ற வேண்டும்?
(வண்டிக்காரர், பழனி)

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி ஐயா. லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். லாடம் இல்லாத குதிரைக்கு நடக்க நடக்க அது தேய்ந்துவிடும், லாடம் அடித்த குளம்பு எங்கே தேய்வது? முன்பக்கமாகவே நீண்டுகொண்டு போகும். மூக்கு நீண்ட செருப்பைப் போட்டுக்கொண்டு மலையேறினால் நமக்குக் கெண்டைக்கால் எப்படி வலிக்கும், அதே மாதிரி ஒவ்வொரு அடியிலும் காலின் பின்பக்கத் தசைநாண்கள் இழுபடும். குளம்பு நீளும்போது லாடமும் முன்னுக்கு நகர்ந்துபோய், அதன் பின்முனை குளம்புச் சுவரில் உட்காராமல் உள்ளங்குளம்பை அழுத்த ஆரம்பிக்கும், அங்கே ரத்தம் கட்டும். ஆணி ஓட்டைகளும் ஆடி ஆடிப் பெரிதாகிச் சுவர் உடையும், அடுத்த தடவை ஆணி பிடிக்க இடமிருக்காது. தேயாத லாடமாக இருந்தால் அதையே கழற்றி, குளம்பைச் செதுக்கிவிட்டுத் திரும்ப அடிக்கலாம், புதிதுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தார் ரோட்டில் ஓடும் குதிரைக்கு ஐந்து ஆறு வாரத்துக்கு மேல் விடாதீர்கள்.

லாடக்காரர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குளம்பின் அளவுக்கு லாடத்தை வளைக்கிறாரா, கையில் இருக்கும் லாடத்தின் அளவுக்குக் குளம்பை அரத்தால் ராவிக் குறைக்கிறாரா? இரண்டாவது வகை ஆளிடம் அடுத்த முறை போகாதீர்கள். இன்னொன்று, குளம்பின் மிக அகலமான இடத்தைத் தாண்டிப் பின்பக்கம் ஆணி அடிக்க விடக் கூடாது. எடை விழும்போது குளம்பின் பின்பகுதி கொஞ்சம் விரிந்து கொடுக்க வேண்டும், அந்த விரிதலில்தான் அதிர்ச்சி தாங்குவதும் ரத்தம் மேலே தள்ளப்படுவதும் நடக்கிறது. ஆணி அடித்து அதைப் பூட்டிவிட்டால் தார் ரோட்டின் அடி அத்தனையும் எலும்பில் இறங்கும்.

கேள்வி: ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் முதல் குதிரை வாங்கலாம் என்றிருக்கிறேன். தரகர்கள் சுழி பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். குளம்பில் எதைப் பார்க்க வேண்டும்? வெள்ளைக் குளம்பு ஆகாது என்பது உண்மையா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: சுழி பார்ப்பது உங்கள் வீட்டு நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் குளம்புக்குக் கொடுங்கள். குளம்பின் முன்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை முழுசாகப் புதிதாக வளர ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும், அதாவது அந்தக் குதிரை போன ஒரு வருஷம் எப்படி இருந்தது என்பது அங்கே எழுதியிருக்கிறது. குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் போனால் தீவனமோ பருவமோ மாறியிருக்கிறது, அவ்வளவுதான், பயமில்லை. முன்பக்கம் நெருக்கமாகவும் பின்பக்கம் அகலமாகவும் விரிந்து போனால், அதோடு முன்சுவர் நேராக இல்லாமல் குழிந்தும் இருந்தால், மேலே தஞ்சாவூர்க் குதிரைக்கு வந்த நோய் இதற்கும் வந்துபோயிருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சந்தைக்குக் கொண்டு வருமுன் அரத்தால் ராவி, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி இந்தக் கோடுகளை மறைத்திருப்பார்கள், அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் நான்கு காலையும் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடாத குதிரையை, 'புது ஆள், கூச்சப்படுகிறது' என்று சொன்னாலும் வாங்காதீர்கள். ஃப்ராக் அகலமாக, நாற்றமில்லாமல் இருக்க வேண்டும். முன்னங்குளம்புகள் இரண்டும் ஒரே அளவா என்று முன்னால் குனிந்து பாருங்கள், ஒன்று குறுகலாக, செங்குத்தாக இருந்தால் அந்தக் காலில் பழைய வலி இருக்கலாம். கடைசியாகக் கெட்டியான தரையில், கயிறைத் தளர்த்திப் பிடித்து, நேர்கோட்டில் ஓடவிட்டுப் பாருங்கள், மணலில் நொண்டல் தெரியாது. முன்னங்கால் வலி உள்ள குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும்.

வெள்ளைக் குளம்பு மெலிந்தது என்பதில் உண்மையில்லை. நிறத்தை வைத்துக் குளம்பின் உறுதியைச் சொல்ல முடியாது.

கேள்வி: குளம்பு வெடிக்காமல் இருக்க வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுகிறோம். சரியா? பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா?
(இரண்டு வாசகர்கள், சேலம், திருச்சி)

பதில்: இன்ஜின் ஆயிலைத் தயவுசெய்து நிறுத்துங்கள், அதில் இருக்கும் கசடு தோலைப் புண்ணாக்கும், குளம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. வெளியே என்ன எண்ணெய் பூசினாலும் உள்ளே வளரும் குளம்பு மாறாது. பயோட்டின் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் மாதக்கணக்கில் கொடுத்தால் புதிதாக வளரும் குளம்பின் தரம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் ஏற்கெனவே வெடித்ததை அது ஒட்டாது, பலன் தெரிய ஆறேழு மாதமாவது ஆகும். அதற்கு முன்னால் தீவனத் தொட்டியைப் பாருங்கள். வெறும் கோதுமைத் தவிடும் கொள்ளும் வைக்கோலும் போட்டு வளர்க்கும் இடங்கள் நிறைய. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு, தொடர்ந்து அதையே கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். தவிட்டைக் குறைத்து, கொஞ்சம் குதிரைமசால் என்ற பசுந்தீவனம் சேருங்கள், கூடவே மருத்துவரைக் கேட்டுத் தாது உப்புக் கலவை. மாத்திரைக்குக் கொடுக்கும் பணம் இதற்கே போதும்.

கேள்வி: நெடுந்தீவில் திரியும் குதிரைகளுக்கு யார் லாடம் அடிக்கிறார்கள், யார் குளம்பு வெட்டுகிறார்கள்? அவை நன்றாகத்தானே இருக்கின்றன?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஒருவரும் இல்லை. பவளக்கல்லும் வறண்ட வெளியுமான தரையில் புல்லுக்கும் தண்ணீருக்கும் நாள் முழுக்க நடக்கின்றன, வளர்வதும் தேய்வதும் சமமாகிவிடுகிறது. நம் கோடியக்கரைக் காட்டுக் குதிரைகளுக்கும் வெட்ட ஆளில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக் குதிரைக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. காட்டில் குளம்பு கெட்ட குதிரை அதிக நாள் இருக்காது, நம் கண்ணில் படுவது தப்பித்தவை மட்டும். நாள் முழுக்கக் கட்டி வைத்திருக்கும் குதிரைக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அரம் பட்டே ஆக வேண்டும்.

கேள்வி: நேற்றுவரை நன்றாக ஓடிய குதிரை இன்று காலை ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. எலும்பு முறிந்துவிட்டதோ என்று பயந்துபோனோம். தடவிப் பார்த்ததில் குளம்பு சுடுகிறது.
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: இந்தக் கடிதத்துக்கு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். திடீரென்று ஒரே காலில் இவ்வளவு கடுமையான நொண்டல், குளம்பில் சூடு, குளம்புக்கு மேலே முதலில் வரும் மூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி படபடவென்று அடிப்பது, இவை சேர்ந்து வந்தால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். குளம்புச் சுவர் கெட்டியானது, சதையைப் போல வீங்கி இடம் கொடுக்காது, உள்ளே சேரும் சீழ் போக வழியில்லாமல் அழுத்தும், அதனால்தான் அத்தனை வலி. மருத்துவர் இடத்தைக் கண்டுபிடித்துச் சின்ன வழி திறந்துவிட்டால் குதிரை அன்றைக்கே காலை ஊன்ற ஆரம்பிக்கும். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் மிருகம் குறைவு.

அடியில் ஆணி குத்தியிருப்பதைப் பார்த்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். மருத்துவர் சீக்கிரம் வருவார் என்றால் அப்படியே விட்டு, இன்னும் ஆழமாக ஏறாமல் இருக்கச் சுற்றிலும் துணியும் மரத்துண்டும் வைத்துக் கட்டுங்கள், எக்ஸ்ரேயில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் குத்திய இடத்தை மையால் வட்டமிட்டு, கைபேசியில் படம் எடுத்து, ஆணியையும் பத்திரமாக வைத்திருங்கள். ஃப்ராக்கின் நடுப்பகுதியில் குத்தியிருந்தால் மூட்டுவரை போயிருக்கக்கூடும், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: என் மூன்று வயதுக் குதிரை பின்னங்காலைத் தொடவே விடுவதில்லை. போன தடவை லாடக்காரர் கயிறு போட்டு இழுத்துக் கீழே தள்ளித்தான் குளம்பு வெட்டினார். அடுத்த தடவைக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பழக்க முடியுமா?
(கல்லூரி மாணவர், தேனி)

பதில்: முடியும் தம்பி. அன்றைக்குப் பயந்தது அதற்கு நினைவிருக்கும், அதனால் முதல் சில நாள் காலைத் தூக்கவே முயற்சி செய்யாதே. தோளில் கை வைத்து, முதுகு, தொடை என்று கையை எடுக்காமல் மெதுவாகக் கீழே கொண்டுபோ. எந்த இடத்தில் உடம்பு விறைக்கிறதோ அங்கேயே கையை நிறுத்தி, அது அடங்கும்வரை இரு, அடங்கியதும் நீயே கையை எடுத்துவிடு. காலை உதறும்போது கையை எடுத்தால் உதறினால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும், அதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அதன் வால் பக்கம் பார்த்து, உடம்போடு ஒட்டி நில், ஒட்டி நின்றால் உதையின் வேகம் குறைவு, இரண்டடி தள்ளி நிற்பதுதான் ஆபத்து. தனியாகச் செய்யாதே, தலைப்பக்கம் ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்கட்டும்.

தூக்க விட்டதும் இரண்டு நொடி பிடித்துவிட்டு நீயே இறக்கி வை, தொப்பென்று போடாதே. மறுநாள் ஐந்து நொடி. ஒரு வாரம் கழித்துக் கொக்கியால் சுரண்டிப் பார், அப்புறம் உள்ளங்கையால் குளம்பைத் தட்டு, அப்புறம் சின்னச் சுத்தியலால் லேசாக, அந்தச் சத்தம் அதற்குப் பழகட்டும். காலை அதன் வயிற்றுக்கு வெளியே இழுத்துப் பிடிக்காமல் நேர்கீழாகவே வைத்திரு, இளம் குதிரைகள் பல நேரம் இடுப்பு வலியால்தான் காலைப் பிடுங்குகின்றன. தினமும் பத்து நிமிடம் போதும். இன்றைக்குச் சாயங்காலம் முன்னங்காலில் ஆரம்பி.